வாசனை வந்தால் முதலில் மூக்கைக் கேளுங்கள்

சிந்தாதிரிப்பேட்டை வாசகர்: பெட்ரோல் காரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் போய்விட்டதாம், மாற்றிவிடவா?

பதில்: கூவம் பாலத்தைத் தாண்டியும் வருகிறதா என்று முதலில் பாருங்கள்! விளையாட்டாகச் சொல்லவில்லை; இரண்டும் கந்தகத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான். 2020 ஏப்ரல் முதல் நம் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான். எப்போதோ ஒரு முறை வீசினால் கவலை வேண்டாம். விடாமல் வந்தால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறதா என்று பார்க்கவேண்டும்: ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், பிளக். அதைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் கெடும். போனெட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தால் பேட்டரியைப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும் பேட்டரியும் இதே நாற்றம் அடிக்கும். உப்பியிருந்தால் தொடாதீர்கள், அருகே நெருப்பும் வேண்டாம்.

அம்பத்தூர் வாசகி: காலையில் வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை.

பதில்: மார்கழிக் காலையில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, வண்டி சூடானதும் நின்றுவிடும். இனிப்பு வாசனைதான் இடிக்கிறது, அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வாசனை. கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

குரோம்பேட்டை வாசகர்: நீலப் புகை, எண்ணெய் கருகும் வாசனை?

பதில்: ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் என்றால் வால்வ் சீல். ஓடும்போதும் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். செலவு இரண்டாவதில்தான்.

சோழிங்கநல்லூர் வாசகர்: டீசல் கார். சில வாரங்களுக்கு ஒரு முறை கருகல் வாசனை. நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறது.

பதில்: புகைக்குழாயில் உள்ள வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரிக்கிறது, சுமார் 600 டிகிரி சூடு. பழைய மகாபலிபுரம் சாலையில் நின்று நின்று போனால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வப்போது இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். கரி எரியும் நேரத்தில் காய்ந்த புல்மேல் நிறுத்தவேண்டாம்.

வேளச்சேரி வாசகி: சிக்னலில் நிற்கும்போது உள்ளே புகை வாசனை, தலைவலி. மழைநீரில் ஓட்டியதிலிருந்து இப்படி.

பதில்: மற்றவர்கள் காத்திருக்கலாம், நீங்கள் காத்திருக்கக்கூடாது. சைலன்சர் குழாய் துருப்பிடித்தோ இணைப்பு தளர்ந்தோ இருக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உங்களுக்கு எட்டுவது அதோடு வரும் மற்ற புகை. வாசனை குறைந்தாலும் நம்பாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். பட்டறைக்கு ஓட்டிப் போகவேண்டாம், இழுத்துப் போகச் சொல்லுங்கள். தலைவலி தணியாவிட்டால் முதலில் மருத்துவமனை, வண்டி பிறகு.