கேள்வி – பதில்: கோர்தோபா, செவில், கிரனாடா

ஸ்பெயினின் தெற்கே, மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள்) ஆண்ட ஊர்களுக்குச் சிறு குழுவாகச் சுற்றுலா போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: 14 பேர் குழு, 8 நாள். மாட்ரிட், தொலேதோ, கோர்தோபா, செவில், ரோந்தா, கிரனாடா. பணம் கட்டுவதற்கு முன் பயணத்திட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அல்ஹம்ப்ரா, கிரனாடாவின் கோட்டை அரண்மனை வளாகம். பயணத்திட்டத்தில் 'நஸ்ரீத் அரண்மனைகள்' (அங்கே ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சத்தின் அரண்மனைகள்) என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா பாருங்கள். தோட்டங்கள், கோடை மாளிகையான ஹெனராலிஃபே, அல்கசபா கோட்டை மூன்றுக்கும் மட்டுமான டிக்கெட் ஒன்று தனியாக விற்கிறார்கள். அதுவும் அல்ஹம்ப்ரா டிக்கெட்தான். ஆனால் அரண்மனைகளுக்குள் இருக்கும் புகழ்பெற்ற சிங்க முற்றம் அதில் கிடையாது. அரண்மனை டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அப்போது இதை வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரவுத் தங்கல். செவில், கிரனாடா இரண்டிலும் இரண்டிரண்டு இரவு வேண்டும். கோர்தோபாவில் ஓர் இரவாவது வேண்டும். மாட்ரிட்டிலிருந்து செவில் போகிற வழியில் கோர்தோபாவை இரண்டு மணி நேரத்தில் முடிப்பதுதான் பல குழுக்களின் வழக்கம். அங்குள்ள பெரிய மசூதியான மெஸ்கித்தாவுக்கே அந்த நேரம் சரியாகப் போய்விடும். நாள் போதவில்லை என்றால் ரோந்தாவை விட்டுவிடுங்கள். பாலமும் பள்ளத்தாக்கும் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் மலைச்சாலைப் பயணம் அரை நாளைத் தின்றுவிடும்.

கூடவே வரும் டூர் மேனேஜர் வேறு, உள்ளூர் கைடு வேறு. இந்த ஊர்கள் இருக்கும் ஆண்டலூசியாவில் கைடாக வேலை செய்ய மாநில அரசின் அங்கீகாரம் வேண்டும். மெஸ்கித்தா, செவில் அரண்மனையான அல்காசர், அல்ஹம்ப்ரா மூன்றுக்கும் அப்படிப்பட்டவர் வருகிறாரா, அவருடைய கட்டணம் மொத்தத் தொகையில் அடக்கமா என்று கேளுங்கள்.

கேள்வி: அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சிட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

நஸ்ரீத் அரண்மனை வாசலுக்குள் நீங்கள் நுழைய வேண்டிய நேரம் அது. 11.00 என்றிருந்தால் 11.00 முதல் 11.30 வரை. தவறினால் அரண்மனை போனதுதான். வேறு நேரத்துக்கு மாற்றித் தர மாட்டார்கள். நுழைந்துவிட்டால் எவ்வளவு நேரமும் உள்ளே இருக்கலாம், வெளியே வந்த பிறகு திரும்ப நுழைய முடியாது.

குழுக்கள் கோட்டை விடுவது தூரக் கணக்கில். பஸ் நிற்கும் இடமும் டிக்கெட் கவுன்ட்டரும் ஹெனராலிஃபே பக்கம், மேட்டின் ஒரு கோடியில். அங்கிருந்து அரண்மனை வாசலுக்கு 15 முதல் 20 நிமிட நடை. வாசலில் வரிசை வேறு. காலை நேரம் கிடைத்திருந்தால் நீதி வாயில் எனப்படும் பழைய கோட்டை வாசல் வழியாக நேரே அரண்மனைக்குப் போய்விட்டு, பக்கத்திலேயே இருக்கும் அல்கசபாவைப் பார்த்து, ஹெனராலிஃபே தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பகல் என்றால் தோட்டத்திலிருந்து தொடங்கலாம், ஆனால் அச்சிட்ட நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

டிக்கெட் உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கும். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் புது எண்ணை உடனே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெரிய பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். முதுகுப்பையை உள்ளே மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.

உள்ளே எந்தச் சுவரையும் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஆள் சாய்கிற உயரம் வரை மெருகேற்றிய ஓடு, அதற்கு மேல், கை படாத இடத்தில்தான் ஜிப்ச வேலைப்பாடு, உச்சியில் மரக்கூரை. ஜிப்சம் உரசினாலே உதிரும் என்பதால் வந்த ஏற்பாடு இது. சிங்க முற்றத்தில் 12 சிங்கங்களை எல்லோரும் படம் எடுப்பார்கள். சுற்றியுள்ள 124 தூண்கள் ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாறி மாறி நிற்பதை ஓரத்தில் நின்று பாருங்கள், அதுதான் அந்த முற்றத்தின் அழகே.

கேள்வி: ஊர்களை எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

கோர்தோபா, செவில், கிரனாடா. கோர்தோபா 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையிலான உமையா வம்சத்தின் காலம். செவில்லின் ஹிரால்டா கோபுரம் 12-ஆம் நூற்றாண்டில் அல்மோஹத் வம்சம் கட்டியது. கிரனாடா 1492 ஜனவரி 2 வரை நீடித்த நஸ்ரீத்களின் தலைநகரம். அல்ஹம்ப்ராவை முதலில் பார்த்தவர்களுக்கு மற்றவை சப்பென்று தெரியும்.

கேள்வி: மெஸ்கித்தா மசூதியா, தேவாலயமா? அதில் எதைப் பார்க்க வேண்டும்?

785-இல் தொடங்கிய மசூதி. 1236-இல் கிறிஸ்தவர்கள் கோர்தோபாவைப் பிடித்ததும் தேவாலயமானது. 1523-இல் நடுவில் இருந்த தூண்களை அகற்றிப் பெரிய கதீட்ரல் எழுப்பத் தொடங்கினார்கள். இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கதீட்ரல்தான். இஸ்லாமியத் தொழுகைக்கு அனுமதி இல்லை.

மிஞ்சியிருக்கும் தூண்கள் 856. பல தூண்கள் மூர்களுக்கு முன் ஆண்ட ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை, உயரம் குறைந்தவை. கூரையை உயர்த்த வேண்டுமே, அதற்காகத் தூணின் தலையில் இன்னொரு தூண் ஏற்றி, வளைவுகளை இரண்டு அடுக்காகக் கட்டினார்கள். பழைய பகுதியில் வளைவுகளின் சிவப்புப் பட்டைகள் செங்கல், வெள்ளைப் பட்டைகள் கல். கடைசியாக உமையா அமைச்சர் அல்மன்சோர் விரிவாக்கிய கிழக்குப் பகுதிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள்: பெரும்பாலும் கல்தான், சிவப்பு வெறும் பூச்சு.

திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம், குழுக்களுக்குக் கிடையாது. முந்தைய இரவு ஊரில் தங்கியிருந்தால் தனியாக ஒரு நடை போய் வந்துவிடலாம்.

கேள்வி: செவில் அல்காசரை மூர்கள் கட்டினார்களா?

கோட்டைச் சுவர்களில் பழைய பகுதிகள் அவர்களுடையவை. எல்லோரும் வியந்து பார்க்கும் அரண்மனை, செவில் கிறிஸ்தவர் கைக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆன பின், 1364 வாக்கில் முதலாம் பேத்ரோ மன்னர் முஸ்லிம் கைவினைஞர்களை வைத்துக் கட்டியது. முகப்பின் நீல ஓடுகளில் 'இறைவனையன்றி வெல்வோர் இல்லை' என்ற நஸ்ரீத் வாசகம் அரபியில் இருக்கிறது. கிறிஸ்தவ மன்னரின் வீட்டு வாசலில்!

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. சமாளிப்பாரா?

அல்ஹம்ப்ராவில் முழுச் சுற்று 3 கிலோமீட்டருக்குக் குறையாது. அல்கசபா கோபுரப் படிகளை அவர் தவிர்க்கலாம். ஹிரால்டாவில் படிகளுக்குப் பதில் 35 சாய்தளங்கள், கடைசியில் மட்டும் சில படிகள். ஏறுவது எளிது என்றாலும் உயரம் உயரம்தான். உண்மையான சோதனை கிரனாடாவின் அல்பைசீன் மேடு: செங்குத்துச் சந்து, கூழாங்கல் தரை. அங்கே மினி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். தோல் அடிப்பாகம் வைத்த செருப்பு வேண்டாம், ரப்பர்தான் வழுக்காது.

கேள்வி: எந்த மாதம்?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கோர்தோபாவும் செவில்லும் 40 டிகிரியைத் தாண்டும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செவில்லில் ஊர்வலங்களால் தெருக்கள் அடைபடும், ஓட்டல் வாடகை எகிறும்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், சொல்லிக் கேட்டால். செவில்லில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். கோர்தோபாவில் பாகு ஊற்றிய வறுத்த கத்தரிக்காய். கெட்டியான தக்காளிக் குளிர்சூப்பான சல்மொரேஹோவின் மேல் பன்றித் தொடை இறைச்சியும் முட்டையும் தூவுவார்கள். 'சின் ஹமோன், சின் வேவோ' (இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். 'சாண்ட்விச் வெஹெத்தால்' (காய்கறி சாண்ட்விச்) என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள், உள்ளே பெரும்பாலும் டூனா மீன் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பல கடைகளில் அடுப்பு பற்றவைப்பதே எட்டரைக்கு மேல்தான். மாலையில் கொறிக்க ஏதாவது பையில் இருக்கட்டும்.