ஏழு லட்சம் குறைவு எதற்காக?

கேள்வி: குரோம்பேட்டையில் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவருக்குத் தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் மண்டலத்தில் வேலை. மகன் எட்டாம் வகுப்பு. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, 12 வருடப் பழைய அபார்ட்மென்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று வந்திருக்கிறது. தரைத்தளம், 40 லட்சம். அதே கட்டிடத்தில் அதே அளவில் முதல் மாடி வீடு 47 லட்சம் சொல்கிறார்கள். லிஃப்ட் இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் தரைத்தளமே வசதி என்று நினைக்கிறோம். கையில் 12 லட்சம் இருக்கிறது. "தாம்பரம் இப்போ மாநகராட்சி, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் வந்தாச்சு, யோசிக்காம வாங்குங்க" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்தத் தரைத்தள வீட்டை வாங்காதீர்கள், அம்மா. தாம்பரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த வீட்டைத்தான் சொல்கிறேன்.

புரோக்கர் சொன்னதில் பொய் இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல் உட்பட ஐந்து நகராட்சிகளையும், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் போன்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தது. ஆனால் பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் பாதாள சாக்கடை வந்துவிடாது. பழைய பேரூராட்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். பல தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான், கழிவுநீர் லாரிதான், குடிக்கக் கேன் தண்ணீர்தான். சாலையைத் தோண்டுவார்கள், மூடுவார்கள், அடுத்த துறை வந்து மறுபடி தோண்டும்.

இதையெல்லாம் பார்த்து நான் பயப்பட மாட்டேன். வேலையில் இருந்த காலத்தில் வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு செய்துகொடுத்தவன் நான். சாக்கடை, சாலை, குடிநீர் எல்லாம் தாமதமாகவாவது வந்து சேரும். அது வராத காலத்தில் வாங்கியவருக்குத்தான் விலை லாபம். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் அந்த நாளில் மனை வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தரைமட்டம் அப்படி இல்லை. தாழ்வான மனை எந்த மாநகராட்சி வந்தாலும் தாழ்வாகத்தான் இருக்கும். மேல் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஏழு லட்சம் வித்தியாசம் என்கிறீர்களே, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் தரைத்தளத்துக்குத்தான் கிராக்கி அதிகம் இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. ஏன் என்று விற்பவருக்குத் தெரியும்.

2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைப் பேசுவார்கள். "இப்போ அதை ஒழுங்கா கண்காணிக்கிறாங்க, பயமில்லை" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். முடிச்சூர்ப் பக்கத்துக்கு அந்தக் கதை பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில், அதாவது உங்கள் இடத்தைத் தாண்டிய பிறகு. முடிச்சூருக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் என்று மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். யாரும் மதகைத் திறக்க வேண்டியதில்லை, மழை பெய்தாலே போதும். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். படகு விட்டுத்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை போட்டார்கள், மூடு கால்வாய் கட்டினார்கள். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது.

உங்கள் கட்டிடம் 12 வருடப் பழையது என்றால் 2015-ஐயும் பார்த்திருக்கிறது, 2023-ஐயும் பார்த்திருக்கிறது. அதைக் கட்டிடமே சொல்லும். மின் மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து மேலே ஏற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஹாலிலும் படுக்கையறையிலும் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது அழகுக்காக இருக்காது. கதவு நிலையின் அடிப்பாகத்தை விரலால் அழுத்துங்கள், மரம் ஊறி உப்பியிருந்தால் தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால், மாடிப்படிக்கு அடியில் பாருங்கள், அங்கே பெரும்பாலும் அடிக்க மாட்டார்கள். அப்புறம், வாசலில் நின்று சாலை எங்கே இருக்கிறது, வீட்டுத் தரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு சாலைதான் உயர்ந்திருக்கும்.

குடியிருப்பவர்களிடம் விசாரிக்காதீர்கள். தங்கள் வீட்டு விலை விழும் என்று அவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள், அதில் தப்பும் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் போடும் பையன், பக்கத்து டூவீலர் மெக்கானிக், இவர்களைக் கேளுங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று மெக்கானிக்குக்கு அத்துப்படி, அந்த வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வந்திருக்கும்.

மாமியாருக்காகத் தரைத்தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையே. தண்ணீர் ஏறினால் முதலில் வாசல் வழியாக வராது. செப்டிக் டேங்க் நிரம்பி, தரைத்தளக் கழிவறை வழியாகத்தான் வரும். நடுராத்திரி, கரன்ட் இருக்காது, முழங்கால் வலியோடு அவரை யார் மாடிக்குத் தூக்குவது? அவருக்கு வேண்டியது லிஃப்ட் உள்ள கட்டிடம்.

இனி பணக் கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 40 லட்சத்துக்கு 32 லட்சம். மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், முழு விலைக்கும் பதிந்தால் 3.6 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம், 40,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 12 லட்சம். பால் காய்ச்சப் பால் வாங்கக்கூட மிச்சம் இருக்காது. இதில் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து தரைத்தளத்தைப் பார்த்துவிட்டு 36 லட்சம் என்று எழுதிவிட்டால், கடன் அந்த 36-க்குத்தான் கணக்காகும். நானாக இருந்தால் குறைத்துத்தான் எழுதுவேன். 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் 32 லட்சத்துக்கு 20 வருட மாதத் தவணை ஏறக்குறைய 27,800. இப்போது கொடுக்கும் வாடகையைப் போல இரண்டு மடங்கு. முதல் வருடத்தில் வட்டி மட்டுமே இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, உங்கள் வருட வாடகை 1,68,000. வாடகை கொடுப்பது வீண் என்று சொல்பவர்கள் இந்த வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆகவே இந்த வருடம் வாங்க வேண்டாம். மகன் பத்தாவது முடிக்கும்வரை குரோம்பேட்டையிலேயே இருங்கள். பள்ளி மாற வேண்டாம், மெப்ஸும் பக்கம். வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த 13,800 ரூபாயை, மாதாமாதம் தனியாகப் போடுங்கள். போட முடியவில்லை என்றால் தவணையும் கட்டியிருக்க முடியாது என்று அர்த்தம். கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கமும் தேடிப் பாருங்கள். அங்கேயும் ஏரிகளும் தாழ்வான தெருக்களும் உண்டு, இதே பரிசோதனைதான். பார்ப்பதை நவம்பர், டிசம்பரில் பாருங்கள். பெரிய மழை விட்ட மறுநாள் காலை போனால், எந்தப் புரோக்கரும் தேவையில்லை.

கேள்வி: பெருங்களத்தூரில் 1990-களில் அப்பா கட்டிய தனி வீடு. சாலை உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளத்தில் போய்விட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம் என்கிறார்கள். தூக்கலாமா, விற்றுவிடலாமா?
– வாசகர், பெருங்களத்தூர்

பதில்: புறநகரில் நிறையப் பேர் தூக்கியிருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் வீடு நிற்கும். தூக்குபவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அவருக்குச் சம்பந்தமில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து அஸ்திவாரத்தையும் சுவர் விரிசல்களையும் முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரோடு உங்கள் சுவர் ஒட்டியிருந்தால் யோசிக்க வேண்டும். தூக்கிய பிறகு தரை, குழாய், கழிவறை, படிக்கட்டு எல்லாம் புதிதாகப் போட வேண்டிவரும், அந்தச் செலவைத் தூக்குபவர் தன் மதிப்பீட்டில் சொல்ல மாட்டார். உங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வரப்போகிறது என்றால், பழையதைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லித் தெருவே சேர்ந்து மனுக் கொடுங்கள். ஜாக்கிக்காரருக்கு முன்பணம் அதற்கு அப்புறம் கொடுக்கலாம்.