நாய் போனதை யார் அள்ளுவது? சில கேள்விகளும் பதில்களும்

நாய் வளர்ப்பவர்களும், அவர்களுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நாய்ப் பராமரிப்பில் நெடுங்கால அனுபவம் உள்ள ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, மாட்டுச் சாணம் எரு என்றால் நாய் மலமும் எருதானே? மண்ணில் கிடந்து மட்கிவிட்டுப் போகட்டுமே!

மாடு மேய்ந்த நிலத்திலேயே சாணம் போடுகிறது, எடுத்ததைத் திருப்பித் தருகிறது. நாய் சாப்பிடுவது வீட்டில், போவது வெளியில். அதுவும் புரதம் மிகுந்த தீனி. அதனால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தினமும் வெளியிலிருந்து வந்து ஒரே இடத்தில் குவிகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பிடங்களில் இதை அளந்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாய்கள் வழியாக ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 11 கிலோ தழைச்சத்தும் 5 கிலோ மணிச்சத்தும் சேர்கின்றனவாம். மண் இப்படிக் கொழுத்தால் காஞ்சொறி மாதிரி வேகமாக வளரும் செடிகள் மற்றவற்றை அமுக்கிவிடும். மணிச்சத்து பெரும்பாலும் மலத்தில்தான் இருக்கிறது. எல்லாரும் அள்ளினால் அது கிட்டத்தட்ட முழுவதும் நின்றுபோகும் என்பது அவர்கள் கணக்கு. அப்புறம், மட்கும் என்பது சரிதான், ஆனால் அதற்குப் பல வாரம் ஆகும். தொல்லையே அந்த வாரங்களில்தான்.

கேள்வி: நான் தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறேன். என் நாய் சுத்தமாகத்தான் இருக்கிறது. அப்போதும் அள்ள வேண்டுமா?

வேண்டும். பூச்சி மருந்து அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். அடுத்த வாரம் மண்ணை நக்கி நாய் புதிதாக வாங்கிக்கொள்வதைத் தடுக்காது. தவிர, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

உருண்டைப்புழுவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் நீங்கள் நாளை முதல் அள்ளுவீர்கள். டாக்சோகாரா என்ற அந்தப் புழுவின் முட்டை, மலத்தோடு வெளியே வரும்போது யாருக்கும் தொற்றாது. மண்ணில் கிடந்து உள்ளே லார்வா வளர வேண்டும், அதற்கு வெப்பத்தைப் பொறுத்து ஏறக்குறைய 2 முதல் 4 வாரம் ஆகும். அதன் பிறகு அதே முட்டை ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். மழை, குளிர் எதற்கும் எளிதில் அசராது. மலம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அந்த இடம் உண்மையில் ஆபத்தாகிறது. அங்கே குழந்தை விளையாடி, கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும். லார்வா ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகலாம். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுத்திருக்கிறது. கொக்கிப்புழுவுக்கு வாயும் தேவையில்லை, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாகவே ஏறும்.

ஆகவே, சூடாக இருக்கும்போது அள்ளுவதுதான் அருவருப்பாகத் தோன்றினாலும் புழு விஷயத்தில் இருப்பதிலேயே பாதுகாப்பானது. 'காயட்டும், அப்புறம் எடுக்கலாம்' என்பது தலைகீழ்க் கணக்கு. அள்ளிய பிறகு கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடாதா?

போகும், மழைநீர் வடிகால் வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும். பல இடங்களில் அந்த நீரை யாரும் சுத்திகரிப்பதில்லை.

கேள்வி: அள்ளியதை எங்கே போடுவது? கழிப்பறையிலா, உரக்குழியிலா? மட்கும் பை என்று விற்கிறார்களே, அது போதுமா?

முடிச்சுப் போட்ட பையைக் குப்பைத் தொட்டியில் போடுவது எங்கும் பொருந்தும் வழி. பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்து, உள்ளூர் விதியும் அனுமதித்தால், பை இல்லாமல் மலத்தை மட்டும் கழிப்பறையில் கொட்டலாம். செப்டிக் டேங்க் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன், நாய் மயிர் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வீட்டு உரக்குழி வேண்டவே வேண்டாம். புழு முட்டை சாக 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பல நாள் நிலைக்க வேண்டும், கொல்லையில் குவித்த குப்பையில் அது நடப்பது அரிது. அதைக் கீரைப் பாத்திக்குப் போட்டால் சுற்றி வந்து உங்கள் தட்டுக்கே வரும்.

மட்கும் பையை வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது 'மட்கிவிடும்' என்று புதரில் வீசுவதற்கு இல்லை. அள்ளிப் பையில் கட்டி மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. கஷ்டமான பாதி வேலையைச் செய்துவிட்டு, சுலபமான பாதியை விடுகிறார்கள்.

கேள்வி: சார், வயிற்றுப்போக்கு ஆனால் எப்படி அள்ளுவது? பையால் முடியவில்லை.

பழைய செய்தித்தாளை எடுத்துப் போங்கள். நாய் முதுகை வளைக்கும்போதே பின்னால் தாளை நீட்டினால் பாதி பிரச்சினை அங்கேயே தீரும். தவறிவிட்டால் உலர்ந்த மண்ணோ மரத்தூளோ தூவி, ஊறிய பிறகு அட்டையால் வழித்தெடுங்கள். தளம் போட்ட இடமென்றால் மிச்சத்தைத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வழக்கமான மலத்துக்கு இவ்வளவும் வேண்டாம், பையைக் கையுறை போல மாட்டி, பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால் முடிந்தது.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முதுகுவலி. குனியவே முடியாது தம்பி. நான் என்ன செய்ய?

அம்மா, நீளக் கைப்பிடி வைத்த அள்ளும் கருவி கிடைக்கிறது, நின்றபடியே எடுக்கலாம். அதைவிட நல்ல வழி நேரத்தைப் பழக்குவது. வயிற்றில் தீனி விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், அதனால் பல நாய்கள் சாப்பிட்ட சிறிது நேரத்தில் போய்விடும். தினமும் ஒரே நேரத்தில் தீனி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து வீட்டிலேயே ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், போனதும் பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். பழகிய பிறகுதான் வாக்கிங். பார்வையற்றவர்களுக்குச் சில இடங்களில் அள்ளுவதிலிருந்து விலக்கே உண்டு, பின்னர் ரத்தான இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது. முதுகுவலிக்கு நான் கேள்விப்படவில்லை!

கேள்வி: குட்டிக்கு இன்னும் தடுப்பூசி முடியவில்லை. மற்ற நாய்கள் போன இடத்தில் விடலாமா?

விடாதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மலத்தில்தான் வெளியேறுகிறது, நிழலான மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். கெட்டியான தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் அது சாகும். மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. பொதுவாக 16 வாரத்தை ஒட்டிப் போடும் கடைசி ஊசி முடியும்வரை பொறுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டுக்காரர் தினமும் எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார். மிளகாய்த்தூள், பாச்சை உருண்டை போட்டால் வராதாமே?

பாச்சை உருண்டை நாய்க்கு விஷம், குழந்தைக்கும்தான். மிளகாய்த்தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். தப்பு செய்தவர் கயிற்றின் மறுமுனையில் அல்லவா இருக்கிறார்?

நேரில் பேசுங்கள். ஆனால் அந்தச் சம்பவம் நடக்கும் நொடியில் வேண்டாம், நாலு பேர் பார்க்க மாட்டிக்கொண்டால் யாரும் சண்டைக்குத்தான் வருவார்கள். வேறொரு வேளையில், நாயின் பெயரைக் கேட்டுவிட்டு, 'எங்கள் குழந்தை இங்கேதான் விளையாடுகிறாள்' என்று சொல்லுங்கள். 'பை மறந்துவிட்டீர்களா, இந்தாங்க' என்று நீட்டினாலும் வேலை செய்யும், மறுப்பது கஷ்டம். இரண்டு தடவைக்கு மேல் பலனில்லை என்றால், குடியிருப்போர் சங்கத்திடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: சட்டம் போட்டால் மட்டும் ஜனங்கள் கேட்பார்களா?

நியூயார்க்கில் 1978 ஆகஸ்டில், நாய் போனதை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தபோதும் இதே சந்தேகம்தான். ஒவ்வொரு நாய்க்குப் பின்னாலும் ஒரு அதிகாரியை நிறுத்த முடியாதே. ஆனால் அள்ளுவது அங்கே வழக்கமாகிவிட்டது. என் கருத்தில், அபராதச் சீட்டைவிட எதிரில் வருபவரின் முறைப்புக்குத்தான் மதிப்பு அதிகம். சட்டம் அந்த முறைப்புக்கு உரிமை தருகிறது. பக்கத்திலேயே குப்பைத் தொட்டியும் வைக்க வேண்டும், அதை நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன.

கேள்வி: ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் ஓடவிடுகிறேன். அங்கே யாருக்கு என்ன தொந்தரவு?

மாடுகளுக்கு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி சில நாய்களின் மலத்தில் வரும், அது பட்ட புல்லை மேய்ந்த சினைமாடு கன்றைக் கலைத்துவிடக்கூடும். மாட்டுக்காரருக்குக் காரணம் கூடத் தெரியாது. அங்கேயும் அள்ளுங்கள்.

கேள்வி: அள்ளும்போது எதையாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு, பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வந்திருக்கும். அதனால் தெள்ளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசியலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது அன்று போன மலத்தில் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.