நந்தினிக்கு 140 பக்கம், நாவலுக்கு 11 பக்கம்: முதல் நாவல் எழுதுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

முதல் நாவலை எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றி நின்றன. பிடித்த கதைமாந்தர்களைப் பற்றி விடிய விடியப் பேச முடிகிறது. சொந்த நாவலின் ஆட்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை நின்றுவிடுகிறது. நான் மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன், பதினெட்டு ஆண்டுகள் பிறருடைய கைப்பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

திருநெல்வேலி, வங்கி ஊழியர்: அம்மா, 'பொன்னியின் செல்வன்' நந்தினியைப் பற்றி மட்டும் 140 பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன். என் நாவல் 11 பக்கத்தில் நிற்கிறது. எழுதப் பயந்துதான் நந்தினியிடம் போய் ஒளிந்துகொள்கிறேனா?

அந்த 140 பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தம்பி. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். 'நந்தினி வஞ்சம் நிறைந்தவள்', 'நந்தினி பாவப்பட்டவள்' என்ற வகை வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். அவை வாசகராக நீங்கள் சொன்ன தீர்ப்புகள். நாவல் எழுதுபவருக்கு வேண்டியது, அந்தத் தீர்ப்புக்கு உங்களைக் கல்கி எப்படிக் கொண்டுவந்தார் என்பது.

நந்தினி எப்படி உள்ளே வருகிறாள் என்று பாருங்கள். முகம் தெரிவதற்கு முன்பே பேச்சு வந்துவிடுகிறது. ஆழ்வார்க்கடியான் அவளைப் பற்றிப் பேசுகிறான், ஊர் பேசுகிறது, பெரிய பழுவேட்டரையரின் வயதையும் புது மனைவியையும் சேர்த்து வம்பு பேசுகிறார்கள். திரை போட்ட பல்லக்கு ஒன்று போகிறது. உள்ளே அவள்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, கடம்பூரில் அதற்குள்ளிருந்து இறங்குவது சோழ இளவரசன் மதுராந்தகன். அவளை நேரில் பார்ப்பதற்குள் அவளுக்காக ஏங்கத் தொடங்கிவிடுகிறோம்.

அடுத்தது, ஆளுக்கொரு நந்தினி. ஆழ்வார்க்கடியானுக்கு உடன் வளர்ந்த தங்கை. ஆதித்த கரிகாலனுக்கு இளமைக் காதலும் ஆறாத குற்ற உணர்வும். பழுவேட்டரையருக்கு முதிய வயதில் கிடைத்த மனைவி. ரவிதாசன் கூட்டத்துக்குத் தங்கள் பழிவாங்கலின் ராணி. இவர்களில் ஒருவருக்கும் அவள் முழுதாகத் தெரியாது. இவர்களுடைய அறிவுக்கு இடையில் விட்டிருக்கும் இடைவெளியில்தான் அவள் உயிரோடு இருக்கிறாள்.

இப்போது உங்கள் 11 பக்கத்துக்கு வாருங்கள். உங்கள் நாயகியைப் பற்றி நான்கு பேர் தனித்தனியாக என்ன நம்புகிறார்கள் என்று நான்கு அரைப்பக்கங்கள் எழுதுங்கள். அம்மா, கணவர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய தோழி, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். நான்கு பேரும் கொஞ்சம் தவறாக நம்ப வேண்டும். அந்தத் தவறுகள் ஒன்றோடொன்று மோதும் இடம்தான் உங்கள் 12ஆம் பக்கம். நீங்கள் ஒளிந்துகொள்ளவில்லை, தொழில் கற்கும் பட்டறையில் இத்தனை நாளாக வேடிக்கை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: எழுதும் காலத்தில் பிறர் நாவல்களைப் படிக்கலாமா?

படியுங்கள். நடை ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தால், காலையில் எழுதிவிட்டு இரவில் படியுங்கள்.

கோயம்புத்தூர், இல்லத்தரசி: அக்கா, என் நாயகிக்குக் கெடுதல் செய்ய மனம் வரவில்லை. இரண்டு முறை அவளை ஒரு பெரிய அவமானத்தின் விளிம்பு வரை கொண்டுபோய், காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கதை அதன் பிறகு நகரவே இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஜெயகாந்தன் நினைவுக்கு வந்தார். இதே இடத்தில் அவர் நின்றதும், பிறகு நடந்ததும் நம் கண்முன் இருக்கின்றன.

1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிப் போகிறாள். காருக்குள் அவளுக்குக் கேடு நேர்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா துடித்துப் போகிறாள். ஆனால் ஊரைக் கூட்டவில்லை. மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அங்கே முடிகிறது. அந்தத் தாயை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் அன்று பெரிய சண்டையே போட்டார்கள்.

ஜெயகாந்தன் அந்தத் தாயைப் பற்றித் தொடர்ந்து யோசித்திருக்கிறார். தன்னுடைய பாத்திரத்தைத் தானே திரும்பிப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவள் வாயை மூடிக்கொள்ளாமல் அலறியிருந்தால்? அந்த ஓர் அசைவை மாற்றினார். அம்மா அலறுகிறாள், அக்கம்பக்கம் கூடுகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண்தான் கங்கா. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அந்த நாவலுக்குள் கங்கா பத்திரிகையில் படிப்பது, அம்மா தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் அந்தச் சிறுகதையைத்தான். தனக்குக் கிடைக்காத தாயை அவள் அச்சில் பார்க்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

காப்பாற்றியபோது சிறுகதை முடிந்தது. காப்பாற்றாதபோது நாவல் தொடங்கியது. நாயகியைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன், தங்கை. அந்தச் சிறுகதை தமிழின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. ஆனால் நீங்கள் 300 பக்கம் எழுத நினைக்கிறீர்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த அந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள். நாயகியை நேரடியாகத் துன்புறுத்தக் கை வரவில்லை என்றால், அவளைக் காப்பாற்ற வேண்டியவர் ஒருவரைத் தவறவிடச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாக வரட்டும். பயத்தில் பொய் சொல்லட்டும். நீங்கள் அவளைக் கைவிட வேண்டியதில்லை, அந்த இரவு முழுவதும் அவளுடன் உட்கார்ந்து எழுதுங்கள்.

கும்பகோணம், இசை ஆசிரியர்: என் கதாநாயகியைப் படித்த நண்பர்கள் எல்லோரும் 'மோகமுள்' யமுனாவைப் போலவே இருக்கிறாள் என்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊருக்கும் செய்யும் தொழிலுக்கும் அந்த நாவல் உங்களுக்குள் இறங்காமல் இருந்தால்தான் வியப்பு. எதைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அழகும் நிமிர்வும் வயதில் மூத்தவள் என்பதும் என்றால், அவை மேலே போர்த்திய துணி. தி. ஜானகிராமன் உள்ளே வைத்திருப்பவை வேறு. தஞ்சாவூர் மராட்டியப் பெண்ணுக்கும் தமிழ்ப் பண்ணையாருக்கும் பிறந்தவள் என்பதால் வரன்கள் தட்டிப் போகின்றன. தந்தை போனபின் வீடு வறுமையில் இறங்குகிறது. பெரும்பாலும் அவளை நாவலின் நாயகன் பாபுவின் கண் வழியாகவே பார்க்கிறோம். அவன் வழிபடுவதால் அவள் நமக்கும் உயரமாகத் தெரிகிறாள்.

உங்கள் கதாநாயகியின் சோற்றுக்கு என்ன வழி? மாதக் கடைசியில் யாரிடம் கைமாற்று கேட்பாள்? அவளை வழிபடாத ஒருவரின் கண்ணில் எப்படித் தெரிவாள்? இந்த மூன்றுக்கும் உங்கள் கைப்பிரதியில் பதில் இல்லை என்று ஊகிக்கிறேன். பதில் எழுதத் தொடங்கிய பிறகு பழைய ஒப்பீட்டை உங்கள் நண்பர்களே விட்டுவிடுவார்கள்.

சென்னை, மென்பொருள் பொறியாளர்: கல்கியின் பாத்திரங்களை வைத்தே ஒரு நாவல் எழுதலாமா? சட்டம் இடம் கொடுக்குமா? அது சொந்த எழுத்து ஆகுமா?

சட்டம் எளிது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கல்கி 1954இல் மறைந்தார். 2014 முடிவோடு அந்தக் காலம் கழிந்தது. ஜெயகாந்தன் மறைந்தது 2015இல். கங்காவை வைத்து எழுதுவதென்றால் அவர் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும். திரைப்படங்களில் புதிதாகச் சேர்த்தவை படம் எடுத்தவர்களுக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள்.

சொந்த எழுத்தா என்பதுதான் நல்ல கேள்வி. கல்கியே என்ன செய்தார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஓர் இளைஞனை உண்டாக்கினார். நந்தினிக்கு அந்த ஒரு வரியும் கிடையாது, முழுக்க அவர் கற்பனை. புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அகலிகையை எடுத்துக்கொண்டார். சீதை தீக்குளித்ததைக் கேட்டு அவள் மறுபடியும் கல்லாகிறாள். ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர் 1847இல் வந்த 'ஜேன் அய்ர்' என்ற ஆங்கில நாவலில் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவியை எடுத்து, கரீபியத் தீவில் கழிந்த அவள் இளமையை 1966இல் தனி நாவலாக எழுதினார்.

இவர்கள் எல்லோருக்கும் மூலக்கதையோடு ஒரு வழக்கு இருந்தது. உங்களுக்கு அது இருக்கிறதா? 'வந்தியத்தேவன் இன்னும் கொஞ்சம் ஊர் சுற்றினால் நன்றாக இருக்கும்' என்பது ஆசை. 'சேந்தன் அமுதன் அரியணை ஏறியபின், அவனை மணந்த படகுப் பெண் பூங்குழலியின் படகு என்ன ஆயிற்று' என்பது வழக்கு. வழக்கு இருந்தால் எழுதுங்கள்.

மதுரை, செய்தியாளர்: என் மாந்தர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

பேச்சை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்து 1982இல் வெளியிட்டார். அந்த அளவுக்குக் காது கொடுத்தவர் என்பதால்தான் அவருடைய சம்சாரிகள், அதாவது கரிசல் உழவர்கள், ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நீங்கள் செய்தியாளர், தினமும் பத்துப் பேர் பேசக் கேட்கிறீர்கள், ஆனால் அதைச் செய்தி நடைக்கு மாற்றியே பழகிவிட்டீர்கள். ஒரு மாதம் மாற்றாமல் எழுதி வையுங்கள். எங்கே இழுக்கிறார்கள், கோபம் வந்தால் 'நீங்கள்' எப்போது 'நீ' ஆகிறது, எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்: முதல் வரைவு முடிந்தது. யாரிடம் காட்டுவது?

ஐயா, உங்களைப் பாராட்டியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் காட்டாதீர்கள். உங்களுக்குப் பிடித்த நாவலைப் பிடிக்காது என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னவர் யாராவது இருந்தால், அவரிடம் கொடுங்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பதிப்பாளர் யாராவது அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். என் முதல் நாவல் அப்படி அவசரத்தில் அச்சேறியது. நான் திருத்திக் கொடுத்த மெய்ப்பு ஒதுங்கிப்போய்ப் பழைய பிரதியே புத்தகமானது, இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறியிருந்தன. இருபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பதிப்பை என்னால் திறக்க முடியவில்லை.

புதுச்சேரி, நூலகர்: நான் எழுதும் நாவலே, ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மேல் பித்துக்கொண்ட வாசகியைப் பற்றியது. வாசிப்பைப் பற்றிய நாவலை யார் படிப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் கற்பனை. ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, 39 வயதில் அவர் இறந்தார் என்ற செய்தியோடு நாவல் தொடங்குகிறது. அவர் மேல் பித்துக்கொண்ட பாலுதான் கதையைச் சொல்கிறான். ஒரு மனிதன் இன்னொருவனை ஏன் இவ்வளவு தேடுகிறான் என்ற கேள்வியே அந்த நாவலை இழுத்துக்கொண்டு போகிறது.

ஆகவே உங்கள் வாசகி அந்தப் பாத்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை ஐந்து பக்கத்துக்குள் சொல்லிவிடலாம். அந்தப் பாத்திரத்திடம் அவள் தேடுவது எது, அது அவள் வீட்டில் யாரிடம் கிடைக்காமல் போனது, புத்தகத்தை மூடியபின் அந்த இரவில் அவள் எழுந்து போய் யார் கதவைத் தட்டினாள் என்பவற்றை எழுதுங்கள். கதவு தட்டும் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.