நின்ற நாளையும் கணக்கில் எழுதுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று வருடத்துக்கு முன் பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றைக் கடனில் வாங்கி நானே ஓட்டுகிறேன். வண்டி கேரளப் பதிவு. பொள்ளாச்சியில் லோடு ஏற்றி எர்ணாகுளம், கோட்டயம் பக்கம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதுதான் வழக்கம். கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் வாடகை விழுகிறது. ஆனாலும் டியூ கட்டும் தேதி வந்தால் கையில் பணம் இருப்பதில்லை. "விஜயவாடா லோடு எடு, இரண்டு பக்கமும் லோடு உண்டு" என்கிறார் புரோக்கர். அங்கே கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய்கூட வரவில்லை. முதலமடை மாங்காயை டெல்லிக்கு ஏற்றினால் ஒரே சீசனில் கடனை முடித்துவிடலாம் என்கிறான் என் மச்சான். எந்தப் பக்கத்து வாடகையை நம்புவது, அய்யா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் கிலோமீட்டர் இருக்கிறது, வாடகை இருக்கிறது, டியூ இருக்கிறது. ஒரு ட்ரிப்புக்கு எத்தனை நாள் ஆகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. உங்கள் கை வறள்வதற்கான காரணம் பெரும்பாலும் அந்த விடுபட்ட இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். என் அண்ணன் பொள்ளாச்சியில் சொந்த வண்டி ஓட்டிய காலம் முழுவதும் கணக்கு நோட்டை எழுதியவன் நான். முதல் இரண்டு வருடம் வாடகை, டீசல், பேட்டா, டோல், கமிஷன் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினோம். ஒவ்வொரு ட்ரிப்பும் லாபமாகத்தான் தெரிந்தது, ஆனால் வருட முடிவில் பணம் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை கோட்டயம் பக்கத்துக் குடோன் ஒன்றுக்குச் சிமென்ட் கொண்டுபோன அண்ணன், ஞாயிறு விடுமுறை, திங்கள் ஹர்த்தால், செவ்வாய் குடோனில் இடமில்லை என்று காத்திருந்து புதன்கிழமை மத்தியானம்தான் லோடு இறக்கினார். மழைக்குத் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டியதில் கயிறு அறுத்த உள்ளங்கையோடு வீட்டுக்கு வந்தவர், நோட்டை வாங்கி, ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலையில் 'நின்ற நாள்' என்று எழுதினார். அந்தக் கட்டம் வந்த பிறகுதான் எந்த ஊர் வாடகை நல்ல வாடகை என்பது எங்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

உங்கள் வண்டி ஷெட்டில் நின்றாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மாத டியூ 45,000 ரூபாய், இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியவற்றுக்காக மாதம் ஒதுக்க வேண்டியது 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் உருளாத நாளுக்கும் 2,000 ரூபாய் செலவு. நான் போடுகிற எண்கள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக மட்டுமே; உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். டன்னுக்கு 900 ரூபாய் வீதம் 18 டன்னுக்கு 16,200 ரூபாய் வாடகை, அதாவது நீங்கள் எழுதியதைப் போலவே கிலோமீட்டருக்கு நூற்று எட்டு ரூபாய். ஆனால் காலியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தால் வண்டி ஓடுவது 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 95 ரூபாய் என்றால் டீசலுக்கு 7,125 ரூபாய், டோலுக்கு 1,500, கமிஷனும் சில்லறைச் செலவும் 1,000, டயர், ஆயில் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வீதம் 1,050. எல்லாம் போக மிச்சம் 5,525. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,760 ரூபாய் நிற்கிறது. இறக்குவதற்கு ஒரு நாள் தள்ளிப்போனால் அது 1,840 ஆகிவிடுகிறது; வண்டியின் நிற்கும் செலவுக்கே பற்றாது, உங்கள் உழைப்புக்குக் கூலி எங்கிருந்து வரும்?

இப்போது விஜயவாடா. தூரத்தை 950 கிலோமீட்டர் என்றும், போகும் வாடகை டன்னுக்கு 2,500, வரும்போது மக்காச்சோளம் ஏற்றி உடுமலை, பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன ஆலைக்கு டன்னுக்கு 2,300 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த வாடகை 86,400. போக வர 1,900 கிலோமீட்டருக்கு டீசல் 45,125; டோல் 10,000; கமிஷன், சாப்பாடு, இதர செலவு 5,000; தேய்மானம் 6,650. மிச்சம் 19,625 ரூபாய். ஏழு நாளில் முடிந்தால் ஒரு நாளைக்கு 2,800. அதாவது கிலோமீட்டருக்கு நூற்று எட்டு ரூபாய் தந்த எர்ணாகுளமும், நாற்பத்தேழு ரூபாய் தந்த விஜயவாடாவும் உங்கள் கையில் வைப்பது ஏறக்குறைய ஒரே தொகை. திரும்பும் லோடுக்காக அங்கே மூன்று நாள் கிடந்தீர்களானால் இதுவும் 2,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிடும்.

கேரளத்துக்குள் போகும் வாடகை ஏன் உயர்ந்து நிற்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். அரிசி, காய்கறி, முட்டை, சிமென்ட் என்று கேரளத்துக்குள் போகும் சரக்கு அதிகம். வெளியே வரும் சரக்கு பெரும்பாவூர் பிளைவுட், கோட்டயம் ரப்பர், கொச்சித் துறைமுகச் சரக்கு என்று சில இடங்களில் மட்டும் குவிந்திருக்கிறது. அதனால் உள்ளே போகும் லாரிக்காரர் காலியாகத் திரும்பும் செலவையும் சேர்த்துத்தான் வாடகை கேட்கிறார். இறக்கிய பிறகு டீசல் காசாவது வரட்டும் என்று கிடைத்த விலைக்கு ஏற்றுகிறவர்கள் நிறைய என்பதால் திரும்பும் வாடகை படுத்துக் கிடக்கிறது. நீங்கள் வாங்குகிற நூற்று எட்டு ரூபாயில் பாதி உங்கள் காலிப் பயணத்துக்கான காசு. அதை வருமானம் என்று எண்ணியதுதான் பிழை. திருவோணத்துக்கு முந்தைய வாரங்களில் உள்ளே போகும் வாடகை ஏறுவதும், ஓணம் முடிந்ததும் லோடே இல்லாமல் போவதும் உங்களுக்கே தெரியும். அந்த ஏற்றத்தை வைத்து வருடம் முழுவதையும் அளந்துவிடாதீர்கள்.

இங்கேதான் உங்கள் நம்பர் பிளேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேஷனல் பெர்மிட் வண்டி, தன் சொந்த மாநிலம் தவிர்த்த வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பொள்ளாச்சி உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், பொள்ளாச்சியில் ஏற்றிச் சென்னையில் இறக்க உங்கள் கேரளப் பதிவு வண்டிக்கு உரிமை இல்லை. யாராவது "ஒன்றும் ஆகாது" என்று ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆனால் அதே விதி எர்ணாகுளத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. அங்கே ஏற்றிப் பாலக்காட்டில் இறக்கத் தமிழ்நாட்டு வண்டிகளால் முடியாது, உங்களால் முடியும். பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் அத்தனை ஆலைகள் இருக்கின்றன. கொச்சியிலிருந்து அங்கே மூலப்பொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. டன்னுக்கு 400 ரூபாய் மட்டுமே கிடைத்தாலும் 7,200 ரூபாய். கூடுதல் செலவு 1,200 போக 6,000 ரூபாய் சேரும். அதற்காக ஒரு நாள் கூடுதலாகி ட்ரிப் மூன்று நாளானாலும் ஒரு நாளைக்கு 3,800 ரூபாய்க்கு மேல் நிற்கும். பார்க்க அற்பமாகத் தெரிகிற இந்த 400 ரூபாய் வாடகைதான் நீங்கள் எழுதிய எல்லா வாடகைகளையும்விட உங்களுக்கு உகந்தது. மூன்று வருடமாகக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தக் கஞ்சிக்கோட்டுப் பக்கமாகவே வீடு திரும்பியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேரளத்தில் இறக்கும்போது இறக்குக்கூலி யார் தலையில் என்பதை லோடு பேசும்போதே கேட்டுவிடுங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குக்கூலி 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டுவிட்டது. பதிவு பெற்ற சுமட்டுத் தொழிலாளர்களுக்கு (சுமை தூக்குவோருக்கு) உரிய கூலி வேறு, அது நியாயமானது. அதைச் சரக்குக்காரர் தருகிறாரா, உங்கள் வாடகையில் கழிகிறதா என்பதில்தான் எங்கள் நோட்டில் பல ட்ரிப்புகள் கெட்டன.

விஜயவாடாவுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் "இரண்டு பக்கமும் லோடு உண்டு" என்பதைப் புரோக்கரின் வாய்வார்த்தையாக விடாமல், திரும்பும் லோடு எந்த ஊரில், எந்தத் தேதியில், யாருடையது என்று கேளுங்கள். ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான பணம்) எந்த நாளிலிருந்து, நாளைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். வாடகையில் அட்வான்ஸ் போக நிற்கும் பாக்கியை, கைக்கு வரும்வரை வருமானமாக எழுதாதீர்கள். அண்ணனுக்கு ஒரு புக்கிங் ஆபீஸ் வைத்த பாக்கி, ரசீதை மூன்று முறை கொடுத்தும் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. பத்து வண்டிக்கு மேற்படாத உரிமையாளர் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டியதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். டீசல் கேரளத்திலும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டைவிட விலை கூடுதல். ஆகவே போகும்போது ஆந்திர எல்லைக்கு முன்பு, கும்மிடிப்பூண்டிக்குள்ளேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பழக்கம் இரண்டு பக்கத்து வாடகைக்கும் உதவும்.

டெல்லி மாங்காய் லோடு உங்களுக்கு வேண்டாம். முதலமடை மாங்காய் மற்ற ஊர்களுக்கு முன்பே சந்தைக்கு வருவதால் வாடகை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அழுகும் சரக்கு, நேரத்துக்குப் போயாக வேண்டும், ஒற்றை ஆளாக இரவும் பகலும் ஓட்டி அந்தத் தூரத்தைக் கடக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. தொழிலாளர் சட்டம் கூலி டிரைவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வண்டி சொந்தம் என்பதால் உங்கள் கண்ணுக்குத் தூக்கம் வராமல் போகாது. இன்னொரு டிரைவரைச் சேர்த்து அவர் சம்பளத்தையும் கழித்து, வடக்கே திரும்பும் லோடுக்குக் காத்திருக்கும் நாளையும் கழித்துவிட்டு உங்கள் மச்சானை அதே கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வாடகை பற்றாத இடத்தில் "இரண்டு டன் கூடுதலாக ஏற்றிக்கொள்" என்ற யோசனை எல்லாப் பக்கத்திலும் வரும். பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னாக இருந்தது 2018இல் 28.5 டன்னாக உயர்ந்தது. ஆனால் உங்களுடையது பழைய வண்டி, உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைதான் உங்களுக்குக் கணக்கு. நான் மேலே போட்ட 18 டன்னுக்கு உங்கள் ஆர்.சி. இடம் தராவிட்டால் அதைக் குறைத்து எழுதிக் கணக்கை மறுபடி போடுங்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் மேலே. ஒருமுறை பிடிபட்டால் நான் மேலே காட்டிய விஜயவாடா ட்ரிப்பின் மிச்சம் முழுவதும் போய்விடும்.

இந்த வாரம் எர்ணாகுளம் லோடு எடுத்தால் திங்கள் அல்லது செவ்வாய் ஏற்றுங்கள். சனிக்கிழமை மட்டும் ஏற்ற வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பும் இரண்டு மூன்று டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்குப் போன் செய்து, கேரளப் பதிவு வண்டி, இன்ன தேதியில் எர்ணாகுளத்தில் காலியாக நிற்கும் என்று சொல்லிவையுங்கள். பத்து ட்ரிப் முடிந்ததும் ஆறு கட்டத்தோடும் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.