யாரும் பார்க்கவில்லை என்றால், அப்படியே எழுதுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். சென்ற வாரம் விடியற்காலை 78 வயது அம்மா ஒருவர் கட்டிலருகே தரையில் கிடந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. தரையில் ஈரமும் இல்லை. “எந்திரிச்சதும் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு” என்றார். மேற்பார்வையாளர் சொன்னபடி ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டேன். மனம் உறுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, பதிவேட்டுக்கு முன் அந்த அம்மாவைக் கவனியுங்கள். வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே கசியும் ரத்தம் சில நாட்கள், ஏன், சில வாரங்கள் கழித்தும் வெளித்தெரியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து கூடுதல். தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என எது தென்பட்டாலும், 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வரவேண்டுமே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

‘வழுக்கி’ என்ற ஒரு சொல்லைப் படிக்கும் மருத்துவர் தரையைப் பற்றித்தான் யோசிப்பார். கண் இருட்டியது என்று படித்திருந்தால், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்த்து, மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அவர் சாப்பிடும் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்வார். காரணம் மறைந்துபோனால் அவர் மறுபடியும் விழுவார் என்பதுதான் என் கவலை.

எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்க வேண்டாம். தாளையும் கிழிக்க வேண்டாம். அதன்கீழ் இன்றைய தேதி, நேரத்துடன் ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பதையும், எந்த நிலையில் கிடந்தார், விளக்கு எரிந்ததா, காலில் செருப்பு இருந்ததா, கடைசியாக அவரை யார் எப்போது பார்த்தார்கள், யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்பவற்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். உங்கள் ஊகம் ஒன்றும் வேண்டாம். திருத்தப் போவதை மேற்பார்வையாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குடும்பத்தார் கோபிப்பார்களோ என்று அவர் தயங்கலாம், ஆனால் உண்மையை மறைத்தது பின்னால் தெரியவந்தால் அவர்களுடைய கோபம் பல மடங்காகும்.

அந்த அம்மாவின் விழும் அபாய மதிப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். சேர்ந்த அன்று ‘தானாக நடப்பவர்’ என்று எழுதியதையே மாதாமாதம் நகலெடுக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. விழும் அபாயத்தைப் புள்ளிகளாகக் கணக்கிடும் மோர்ஸ் அளவுகோலில், அண்மையில் விழுந்தவருக்கு 25 புள்ளி. மேசை நாற்காலிகளைப் பற்றிக்கொண்டு நடப்பவருக்கு 30. பொதுவாக 45 வந்தாலே அதிக அபாயம் என்று கொள்வார்கள். ஆகவே பழைய படிவத்தைப் பார்த்து எழுதாமல், அந்த அம்மாவைக் கட்டிலிலிருந்து கழிவறை வரை நடக்கச் சொல்லி, கூடவே நடந்து, அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்த்துப் புதிதாக நிரப்புங்கள்.