காரைத் தாழ்த்தியபின் எந்தப் பின்பக்க கன்ட்ரோல் ஆர்ம் வாங்குவது?

ஸ்பிரிங் மாற்றி காரை 30 மி.மீ. இறக்கியதும் பின் டயர்களின் உள்விளிம்பு தேய்கிறது, எந்த கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வீல் அலைன்மென்ட் பார்த்து அளவுகளை வாங்குங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடிக்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷனில் கார் இறங்கினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும், அது கேம்பர். கூடவே டோவும் மாறும்; மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. டயரை அதிகம் தின்பது பெரும்பாலும் டோதான். காரோடு வந்த அலைன்மென்ட் போல்ட்டிலேயே டோ சரியாகிவிட்டால் ஆர்ம் வாங்கும் செலவே மிச்சம்.

கேம்பர் அப்போதும் அடங்கவில்லை என்றால் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் தேவை. அலுமினியமா, இரும்பா என்பதைவிட முனைகளில் என்ன புஷ் (இணைப்பில் ஆர்ம் அசைய இடம் தரும் உருளை) இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் எல்லாத் திசையிலும் வளைந்து கொடுக்கும், சத்தம் வராது. பாலியூரித்தேன் ஒரே அச்சில் சுழலும் இடத்துக்குச் சரி; ஆர்ம் பக்கவாட்டிலும் அசைய வேண்டிய இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். உருண்டை பேரிங் துல்லியமானது, ஆனால் மண்ணும் தண்ணீரும் புகுந்தால் சீக்கிரம் கடகடக்கும். தினசரி ஓட்டும் காருக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். டிராக்கில் ஓட்டுவதென்றால் ரப்பர் உறை போட்ட பேரிங்.

ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ் ஆர்ம் என்றால் மெல்லிய குழாய் வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது, சக்கரத்தில் காரின் எடை இறங்கியபிறகே ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று கிழியும். ஆர்மின் நீளத்தைப் பூட்டும் லாக் நட்டிலும் ஆர்மிலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்துவிட்டது.